இரண்டு முத்திரை, ஒரு பட்டம்: பொறுப்பு யாருக்கு?

ஒரே பட்டத்தில் இரண்டு பல்கலைக் கழகங்களின் முத்திரை. படிப்பில் ஒரு பகுதி சென்னையில். மற்றொரு பகுதி வெளியூரிலோ, கடல் கடந்தோ. இதற்குக் "கூட்டுப் பட்டம்" என்று பெயர். கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. மாணவர்களுக்கு உற்சாகம். பெற்றோர்களுக்குப் பெருமை.

ஆனால் ஆசையோடு ஒரு கேள்வியும் வருகிறது. "இந்தப் பட்டம் இந்த வேலைக்குச் செல்லாது" என்று நாளைக்கு ஒரு காரியாலயத்தில் சொல்லிவிட்டால், மாணவன் எந்த வாசலில் போய் நிற்பான்? சென்னைப் பல்கலைக் கழகத்தின் வாசலிலா? கூட்டுச் சேர்ந்த மற்ற ஸ்தாபனத்தின் வாசலிலா? அல்லது டெல்லியிலா?

இதற்குப் பதில் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத வேண்டியது தமிழ்நாடு சட்டசபை. பல்கலைக் கழகங்கள் தாங்களே பேசி முடித்துக் கொள்ளட்டும், டெல்லி விதி செய்து கொள்ளட்டும் என்று சட்டசபை ஒதுங்கி நிற்பது சரியல்ல.

பக்கத்துப் பக்கத்தில் பல சட்டங்கள்

கிண்டியிலிருந்து அடையாறு போகும் சர்தார் படேல் சாலையைப் பாருங்கள். ஒரு பக்கம் அண்ணா பல்கலைக் கழகம். 1978-ம் வருஷத்து மாநிலச் சட்டத்தால் பிறந்தது. அதை ஒட்டியே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் தொடங்கியது, மத்திய சர்க்காரின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஐ.ஐ.டி. 1959-ல் தொடங்கி, பார்லிமெண்ட் 1961-ல் செய்த சட்டப்படி நடப்பது. கூப்பிடு தூரத்தில் மூன்று ஸ்தாபனங்கள். மூன்றும் ஒரே மண்ணில் இருந்தாலும் ஒரே எஜமானருக்குக் கீழ் இல்லை.

தியாகராய நகருக்கு வந்தால் தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபை. 1918-ல் ஏற்பட்ட சபை. 1964-ல் பார்லிமெண்ட் அதற்கென்று தனிச் சட்டம் செய்தது. மயிலாப்பூர்ப் பக்கம் 1914-ல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி, 1946-ல் தொடங்கிய விவேகானந்தா கல்லூரி. இவற்றில் படிப்பவர்களுக்குப் பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக் கழகம். அது பிறந்தது 1857-ல். இன்று அதை நடத்துவது 1923-ம் வருஷத்துச் சட்டம். கிரீன்வேஸ் சாலையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகம். அதற்கு 1996-ம் வருஷத்துச் சட்டம்.

தனித்தனியாக இருக்கும் வரை இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூரை, ஒரு கதவு எண். இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு காரியம் நடத்தும்போதுதான் "எந்த வீட்டு வழக்கப்படி?" என்ற கேள்வி வருகிறது.

பட்டம் என்பது வெறும் காகிதம் அல்ல. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கக் கூடியதும் அல்ல. 1956-ம் வருஷத்துப் பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-வது பிரிவு அதைக் கண்டிப்பாகச் சொல்கிறது. சட்டத்தால் ஏற்பட்ட பல்கலைக் கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக் கழகமோ, பார்லிமெண்ட் தனியாக அதிகாரம் கொடுத்த ஸ்தாபனமோதான் பட்டம் வழங்கலாம். ஆகவே பட்டத்தின் பலம், அதைக் கொடுக்கும் ஸ்தாபனத்துக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தின் பலமே. இரண்டு முத்திரை என்றால் இரண்டு சட்டம் என்று அர்த்தம்.

அடையாற்றின் பழைய கூட்டு

சேர்ந்து பாடம் நடத்துவது சென்னைக்குப் புதிது அல்ல. அழகப்ப செட்டியாரின் நன்கொடையால் 1944-ல் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டது. அப்போது அது சென்னைப் பல்கலைக் கழகத்தின் கீழ் இருந்தது. இப்போது அண்ணா பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கம். அந்தக் கல்லூரியும் பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து தோல் தொழில்நுட்பப் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் பாடம் சொல்லித் தருகிறார்கள். அங்கேயே மாதிரித் தோல் பதனிடும் சாலையும் சோதனைக் கூடமும் இருக்கின்றன. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் வேண்டிய தொழில் அறிவு இந்தச் சுவர் ஓரத்தில்தான் வளர்ந்தது.

தரமணியில் 1962-ல் தொடங்கிய கணித விஞ்ஞான நிலையமும் அப்படித்தான். அங்கே ஆராய்ச்சி செய்தவர்களுக்கு முன்பெல்லாம் டாக்டர் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக் கழகம்.

இந்தப் பழைய கூட்டுகளில் ஒரு விசேஷம் கவனிக்கத் தக்கது. பாடம் நடத்தியவர்கள் இரண்டு பேராக இருக்கலாம். பட்டம் கொடுத்தது ஒருவர். கையெழுத்தும் ஒன்று, பொறுப்பும் ஒன்று. மாணவனுக்கு எங்கே போய்க் கேட்பது என்ற குழப்பம் இல்லை. இன்று வந்திருக்கும் கூட்டுப் பட்டத்தில் மாறியிருப்பது இதுதான்.

2022 விதி சொல்வது என்ன?

வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களுடன் சேர்ந்து படிப்பு நடத்துவதற்குப் பல்கலைக் கழக மானியக் குழு 2022 மே மாதத்தில் புது விதிகளை வெளியிட்டது. மூன்று வகைகளை அது பிரித்துக் காட்டுகிறது.

முதலாவது, இணைப்புப் படிப்பு. மாணவன் படிப்பில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் படிக்கலாம். பட்டம் இந்திய ஸ்தாபனத்தின் பட்டம் மட்டுமே.

இரண்டாவது, கூட்டுப் பட்டம். இரண்டு இடத்திலும் குறைந்தது 30 சதவீதம் படித்திருக்க வேண்டும். இரண்டு முத்திரைகளும் பதித்த ஒரே பட்டம் கிடைக்கும்.

மூன்றாவது, இரட்டைப் பட்டம். ஒரே பாடத்தில், ஒரே நிலையில், இரண்டு ஸ்தாபனங்களும் தனித்தனிப் பட்டம் கொடுக்கும். இந்திய ஸ்தாபனத்தில் குறைந்தது 30 சதவீதம் படித்திருக்க வேண்டும்.

எல்லோரும் இதில் இறங்கிவிட முடியாது. இந்திய ஸ்தாபனம் தர நிர்ணயக் குழுவிடம் 3.01-க்குக் குறையாத மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும். அல்லது தேசியத் தர வரிசையில் முதல் 100 பல்கலைக் கழகங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லது சீர்மிகு கல்வி நிறுவனம் என்ற தகுதி பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டு ஸ்தாபனம் உலகத் தர வரிசையில் முதல் 1000-க்குள் வர வேண்டும்.

சென்னைப் பல்கலைக் கழகம் 2023-ல் "ஏ பிளஸ் பிளஸ்" தரம் பெற்றது. தகுதியில் குறைவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக் கழகத்துடன் விஞ்ஞான இளங்கலைப் படிப்பில் இரட்டைப் பட்டத்துக்கான ஏற்பாடும் அதே 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஐ.ஐ.டி.யோ வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களுடன் கூட்டு டாக்டர் பட்டப் படிப்புகளை நடத்துகிறது. 2023-ல் ஆப்பிரிக்காவின் ஜான்ஸிபாரில் கிளையும் திறந்துவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களே இந்தியாவில் கிளை திறப்பதற்கும் 2023 நவம்பரில் விதி வந்தது. போட்டி வீட்டு வாசலுக்கு வந்தாகிவிட்டது. மாநிலப் பல்கலைக் கழகங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

கதவைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே வருகிறவர்களுக்கும் வெளியே போகிறவர்களுக்கும் விதி இருக்க வேண்டும்.

டெல்லி விதி போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த விதி வெளிநாட்டுக் கூட்டைப் பற்றியது. தரம், பாட அளவு, பட்டத்தின் மதிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டின் இட ஒதுக்கீட்டைப் பற்றியும், தமிழ்நாட்டு மாணவர்களின் உதவித் தொகையைப் பற்றியும், தமிழ்நாட்டின் உத்தியோக விதிகளைப் பற்றியும் தமிழ்நாடுதான் பேச வேண்டும்.

2021-ல் பட்ட பாடு

சட்டம் முன்கூட்டியே பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே சர்தார் படேல் சாலையிலேயே இருக்கிறது.

அண்ணா பல்கலைக் கழகத்தில் உயிர்த் தொழில்நுட்பத்திலும் கணக்கீட்டு உயிரியலிலும் இரண்டு எம்.டெக். படிப்புகள். நடத்துவது மாநிலப் பல்கலைக் கழகம். பண உதவி மத்திய சர்க்காரின் உயிர்த் தொழில்நுட்பத் துறை. அதாவது இரண்டு பேர் சேர்ந்து நடத்திய காரியம்.

மாணவர்களைச் சேர்ப்பதில் யாருடைய இட ஒதுக்கீட்டு முறை என்ற கேள்வி வந்தது. மத்திய சர்க்காரின் முறைப்படி 49.5 சதவீதம். தமிழ்நாட்டின் முறைப்படி 69 சதவீதம். இந்த 69 சதவீதம் 1994-ம் வருஷத்து மாநிலச் சட்டம். அரசியல் சட்டத்தின் 9-வது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. விட்டுக்கொடுக்கக் கூடிய விஷயம் அல்ல.

முடிவு என்ன? அந்த ஆண்டு இரண்டு படிப்புகளுக்கும் மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று பல்கலைக் கழகம் நிறுத்திவிட்டது. பரீட்சை எழுதிக் காத்திருந்த மாணவர்கள் நடுத் தெருவில் நின்றார்கள். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனது. அந்த ஒரு வருஷத்துக்கு 49.5 சதவீத முறைப்படி மாணவர்களைச் சேர்க்கும்படி 2021-ன் தொடக்கத்தில் கோர்ட்டு உத்தரவிட்டது.

இதில் யார் ஜெயித்தார்கள்? மாநிலம் தன் 69 சதவீதத்தை அந்த வருஷம் நிலைநாட்ட முடியவில்லை. மாணவர்களுக்கோ படிக்க வேண்டிய மாதங்கள் கோர்ட்டுப் படியில் கழிந்தன. படிப்பைத் தொடங்கும் முன்பே "சேர்க்கை இந்த முறைப்படிதான்" என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த வழக்கே வந்திராது.

இது பணம் மட்டும் சேர்ந்து வந்த கூட்டு. நாளைக்கு முத்திரையும் சேர்ந்து வரும்போது தகராறு இன்னும் பெரிதாகும். அண்ணா பல்கலைக் கழகமும் எதிர்ச்சாலை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ஒரு கூட்டுப் பட்டம் தொடங்குவதாக வைத்துக் கொள்வோம். சாலையின் ஒரு பக்கம் 69 சதவீதம். மறு பக்கம் மத்திய சர்க்காரின் முறை. வகுப்பில் உள்ள நாற்காலிகளை எந்தக் கணக்கில் பங்கு போடுவது? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற கதைதான்.

லஸ் முனையில் கேட்கக் கூடிய பேச்சு

விதிகளைப் பற்றிப் பண்டிதர்கள் பேசுவது ஒரு புறம் இருக்கட்டும். பெற்றோர்களின் கவலை வேறு. லஸ் முனையிலோ பாண்டி பஜாரிலோ இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்:

"என்ன ஸார், பெண்ணை எங்கே சேர்த்திருக்கிறீர்கள்?"

"கூட்டுப் பட்டமாம் ஸார். இரண்டு வருஷம் இங்கே, பாக்கி அங்கே. பேரே நீளமாக இருக்கிறது."

"அது சரி. நாளைக்கு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?"

"அதைத்தான் ஸார் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்."

இந்தப் பயம் வீண் பயம் அல்ல. தமிழ்நாட்டில் ஓர் உத்தியோகத்துக்கு இன்ன பட்டம் வேண்டும் என்று விதி இருந்தால், அதே பெயருள்ள பட்டம் வைத்திருப்பவருக்குத் தொல்லை இல்லை. பெயர் கொஞ்சம் மாறியிருந்தால், "இது அதற்குச் சமம்" என்று சர்க்கார் உத்தரவு காட்ட வேண்டும். அந்த உத்தரவும் உத்தியோக அறிவிப்பு வெளிவந்த தேதிக்கு முன்பாகவே பிறந்திருக்க வேண்டும் என்கிறது சர்வீஸ் கமிஷன். படித்து முடித்து, பரீட்சையிலும் தேறி, சர்டிபிகேட் பார்க்கும் கட்டத்தில் "சமம் என்ற உத்தரவு எங்கே?" என்ற கேள்வியில் சிக்கினால், அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

வெளிநாட்டுக் கூட்டில் கிடைக்கும் பட்டத்துக்குத் தனியாகச் சமத்துவச் சான்று தேவையில்லை என்று 2022 விதி சொல்கிறது. நல்லது. ஆனால் "இந்தப் பட்டம் ஒரு பட்டம்தான்" என்பது வேறு. "இந்த வேலைக்கு வேண்டிய பாடம் இதுதான்" என்பது வேறு. இரண்டாவதைத் தீர்மானிப்பது மாநில சர்க்கார். கூட்டுப் பட்டங்களுக்குப் புதுப் புதுப் பெயர் வைப்பது வழக்கம். ஆகவே இந்தத் தொல்லை கூடுமே தவிரக் குறையாது.

இன்னொரு கவலை, பணம். அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022-லிருந்து "புதுமைப் பெண்" திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024-லிருந்து "தமிழ்ப் புதல்வன்". குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்குத் தொழிற் படிப்பில் கட்டணச் சலுகை உண்டு. படிப்பின் ஒரு பகுதி வேறு ஸ்தாபனத்தில் நடக்கும் காலத்தில் இந்த உதவிகள் தொடருமா, நிற்குமா? இதைச் சொல்லாமல் கூட்டுப் பட்டம் தொடங்கினால், அது வசதியுள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான தனி வாசலாக ஆகிவிடும். பொது மக்கள் வரிப் பணத்தில் நடக்கும் பல்கலைக் கழகத்தில் அப்படி ஒரு வாசல் இருக்கலாகாது.

கையெழுத்துப் போடுவது யார்?

பட்டத்தில் துணைவேந்தரின் கையெழுத்து இருக்கும். சென்னைப் பல்கலைக் கழகத்தில் 2023 ஆகஸ்டில் அந்தப் பதவி காலியாயிற்று. நியமனத்தைப் பற்றி மாநில சர்க்காருக்கும் கவர்னருக்கும் தகராறு. இரண்டு வருஷம் கடந்தும் நாற்காலி நிரம்பவில்லை. ஒரு குழுதான் காரியங்களைக் கவனித்து வந்தது.

உள்ளூர் மாணவர்கள் இதைச் சகித்துக்கொண்டார்கள். வேறு வழி இல்லை. ஆனால் கூட்டுச் சேர வரும் பல்கலைக் கழகம் முதலில் கேட்கும் கேள்வி, "உங்கள் பக்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் யார்?" என்பதே. நாற்காலி காலியாக இருந்தாலும் கையெழுத்து செல்லும் என்பதற்குச் சட்டத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழம் பெருமையைச் சொல்லிப் பயன் இல்லை.

சிங்கப்பூரும் கலிபோர்னியாவும்

மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகமும் சேர்ந்து ஒரு கல்லூரி தொடங்கின. 2013-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். உலகம் முழுவதும் புகழ். பட்டம் கொடுத்தது மட்டும் சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகம். 2021 ஆகஸ்டில் திடீரென்று அறிவிப்பு வந்தது: கூட்டு முடிகிறது. மாணவர்கள் திகைத்துப் போனார்கள். ஆனால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அதே கல்லூரியிலேயே படித்து முடிக்க ஏற்பாடு இருந்தது. கடைசி வகுப்பு 2025-ல் பட்டம் பெற்றது. கூட்டு முறிந்தது, மாணவனின் படிப்பு முறியவில்லை. எவ்வளவு பெரிய பெயர்கள் சேர்ந்தாலும் கூட்டு ஒரு நாள் முறியலாம் என்பது ஒரு பாடம். முறிந்தாலும் மாணவனைக் காப்பாற்ற முடியும் என்பது மற்றொரு பாடம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960-ல் உயர் கல்விக்கென்று ஒரு மாநிலச் சட்டம் செய்தார்கள். டாக்டர் பட்டம் கொடுக்கும் உரிமை கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்துக்கு. மாநிலக் கல்லூரிகள் அதைத் தனியாகக் கொடுக்க முடியாது; பல்கலைக் கழகத்துடன் சேர்ந்து கூட்டாகக் கொடுக்கலாம். 1965-ல் ஸான் டியாகோ நகரத்து மாநிலக் கல்லூரியும் அங்குள்ள பல்கலைக் கழகமும் சேர்ந்து ரசாயனத்தில் முதல் கூட்டு டாக்டர் படிப்பைத் தொடங்கின. காலம் மாறியது. 2005-ல் மற்றொரு சட்டம் செய்து, கல்வித் துறையில் டாக்டர் பட்டத்தை மாநிலப் பல்கலைக் கழகங்கள் தனியாகவே கொடுக்கலாம் என்றார்கள். 2023-ல் இன்னும் கொஞ்சம் கதவைத் திறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எது கூட்டு, எது தனி, யார் யாருடன் சேரலாம் என்பதைச் சட்டசபையே பேசி எழுதியது.

ஐரோப்பாவிலும் இந்தத் தொல்லை வந்தது. பல நாடுகளின் சட்டங்களில் இரண்டு முத்திரைப் பட்டத்துக்கு இடமே இல்லாமல் இருந்தது. 2004-ல் ஐரோப்பிய நாடுகள் கூட்டுப் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கென்று தனிப் பரிந்துரை செய்தன. நாடுகள் தங்கள் சட்டங்களைத் திருத்திக் கொள்ள வேண்டியிருந்தது. அங்கெல்லாம் செய்ததைச் சென்னையில் செய்ய முடியாதா?

மசோதாவில் என்ன இருக்க வேண்டும்?

நூறு பக்கச் சட்டம் தேவையில்லை. எல்லா மாநிலப் பல்கலைக் கழகங்களுக்கும் பொதுவாக ஒரு சிறு சட்டம் போதும். அதில் ஆறு விஷயங்கள் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

முதலாவது, பொறுப்பு. கூட்டு யாருடன் வேண்டுமானாலும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் சேர்ந்த மாணவனுக்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகமே முழுப் பொறுப்பு. மார்க் பட்டியல், பட்டச் சான்று, புகார் எல்லாவற்றுக்கும் ஒரே ஜன்னல். துணைவேந்தர் பதவி காலியாக இருந்தால் யார் கையெழுத்துச் செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, சேர்க்கை. தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகம் சேர்க்கும் இடங்களுக்கு 69 சதவீத ஒதுக்கீடு உண்டு என்பதைக் கூட்டாளி ஒப்பந்தத்திலேயே ஏற்க வேண்டும். ஏற்காதவருடன் கூட்டு வேண்டாம். 2021-ல் பட்ட பாடு ஒரு தடவை போதும்.

மூன்றாவது, கட்டணம். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை விண்ணப்பம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும். நடுவில் ஏற்றக் கூடாது. உதவித் தொகைகள் படிப்பு முழுவதும் தொடர வேண்டும். ஏழை மாணவர்களுக்கென்று சில இடங்களின் முழுச் செலவையும் சர்க்கார் ஏற்க வேண்டும்.

நான்காவது, சமத்துவம். படிப்பு தொடங்கும் முன்பே, இந்தப் பட்டம் எந்த எந்த உத்தியோகங்களுக்குச் செல்லும் என்று சர்க்கார் உத்தரவு பிறக்க வேண்டும். உத்தரவு இல்லாத படிப்புக்கு மாணவர் சேர்க்கையும் இல்லை என்று இருக்க வேண்டும்.

ஐந்தாவது, முறிவு. கூட்டாளி பாதியில் விலகினால் மாணவன் படிப்பை எங்கே, எப்படி முடிப்பான் என்று முதலிலேயே எழுத வேண்டும். அதற்கு ஈடாக ஒரு தொகையைக் கட்டி வைக்கச் சொல்வதிலும் தவறில்லை.

ஆறாவது, பகிரங்கம். ஒப்பந்தத்தைச் சட்டசபையின் முன் வைக்க வேண்டும். தமிழிலும் வெளியிட வேண்டும். கையெழுத்துப் போடும் தகப்பனார் படித்துப் புரிந்து கொள்ள வேண்டாமா?

ஆட்சேபங்கள்

பல்கலைக் கழகங்களுக்குச் சுதந்திரம் வேண்டும், எதற்கெடுத்தாலும் சட்டமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடத்தில் என்ன இருக்க வேண்டும், யார் நடத்த வேண்டும், பரீட்சை எப்படி இருக்க வேண்டும் என்பதில் சட்டசபை தலையிடக் கூடாது. அது பேராசிரியர்களின் வேலை. இட ஒதுக்கீடு, உதவித் தொகை, உத்தியோகத் தகுதி இவை மூன்றும் பேராசிரியர்கள் தீர்மானிக்கக் கூடியவை அல்ல. சட்டம் பேச வேண்டியது இவற்றைத்தான்.

இதற்கு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்பது இரண்டாவது ஆட்சேபம். கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் செய்த 42-வது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. மத்தியச் சட்டத்தோடு மோதினால் ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும். மானியக் குழுவின் விதிகள் மாநிலப் பல்கலைக் கழகத்தை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதிலும் கோர்ட்டுகளில் ஒரே குரல் இருந்ததில்லை. மதுரை காமராஜர் பல்கலைக் கழகத் துணைவேந்தர் வழக்கில் 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு, மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் துணைவேந்தர் நியமன விதி கட்டுப்படுத்தும் என்ற கருத்தைச் சொன்னது. 2022-ல் குஜராத் வழக்கில் மானியக் குழுவின் விதியே மேல் என்று சொன்னது.

ஆகவே புத்திசாலித்தனமான வழி, மோதாமல் எழுதுவது. டெல்லி விதி பேசும் தரத்தையும் பாட அளவையும் அப்படியே விட்டுவிட்டு, அது பேசாத இடத்தில் மாநிலச் சட்டம் பேசட்டும். துணைவேந்தர் நியமனத் தகராறையும் இந்த மசோதாவில் கலக்கக் கூடாது. பல்கலைக் கழக மசோதாக்களுக்குக் கவர்னர் சம்மதம் கொடுக்கும் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 2025-ல் பெரிய சர்ச்சையானதை நாடே பார்த்தது. மாணவர்களின் பாதுகாப்புக்கான மசோதா அந்தச் சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது ஆட்சேபம், இதெல்லாம் வெளிநாட்டு மோகம் என்பது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கூட்டு என்றால் கப்பல் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? கிரீன்வேஸ் சாலையில் சட்டப் பல்கலைக் கழகம். கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகம். இரண்டும் சேர்ந்து மருத்துவச் சட்டத்தில் ஒரு கூட்டுப் பட்டம் கொடுத்தால் எவ்வளவு பேருக்கு உபயோகம்! பஸ் கட்டணத்தில் முடிகிற காரியம். சட்டம் வந்தால் இதுபோன்ற உள்ளூர்க் கூட்டுகளுக்குத்தான் முதல் லாபம்.

காத்திருப்பதில் நஷ்டம்

கூட்டுப் பட்டம் வருமா, வராதா என்பது இனிமேல் கேள்வியே அல்ல. அது வந்துவிட்டது. வசதியுள்ள ஸ்தாபனங்கள் வழக்கறிஞர்களை வைத்துத் தங்கள் ஒப்பந்தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளும். வசதியுள்ள குடும்பங்களும் அப்படியே. அரசாங்கப் பள்ளியிலிருந்து வந்து, மாநிலப் பல்கலைக் கழகத்தை நம்பிச் சேருகிற மாணவனுக்கு வழக்கறிஞர் கிடையாது. அவனுக்காக முன்கூட்டியே பேசி வைக்கக் கூடிய வழக்கறிஞர் ஒருவர்தான். அது சட்டம்.

வழக்கு வந்த பிறகு சட்டம் செய்வது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போல. 1923-ல் சென்னைச் சட்டசபை பல்கலைக் கழகத்துக்கு ஒரு சட்டம் எழுதியது. இரண்டு முத்திரைப் பட்டம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. அந்தச் சட்டம் நூறு ஆண்டுகளாக லட்சக்கணக்கான பட்டங்களுக்குப் பலம் கொடுத்து வந்திருக்கிறது. அதே பலத்தை இரண்டு முத்திரைப் பட்டத்துக்கும் கொடுக்க வேண்டிய பொறுப்பு, கோட்டையில் இன்று உட்கார்ந்திருப்பவர்களுடையது.